நாலாம் இலக்க லிகிதர்

ஸம்ஹாவின் வீட்டுக் கேற்றைத் தட்டி, மகனின் கடவுச்சீட்டை நீட்டியவர்கள் புத்தளத்துத் தில்லையடியில் பலர். அன்று வந்தவர் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு தாய்.

“கட்டாருக்கு வேணாம் தங்கச்சி. குவைத்தும் வேணாம். துபாய்க்கு மட்டும் பாருங்க.”

“ராத்தா, நான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறதில்ல.”

“ஒன்லைன்ல ஆக்களுக்கு வேல எடுத்துக் குடுக்குறீங்க எண்டுதானே சொன்னாங்க?”

“ஓம். கிளாக்கர்மாருக்கு மட்டும். சட்டத்தரணிமாரிட்ட.”

அந்தத் தாய் கொஞ்சம் யோசித்தார். “துபாய்ல கிளாக்கர் வேலயெண்டாலும் பரவால்ல. இவன் கம்ப்யூட்டர் படிச்சவன்.”

உள்ளே கைபேசி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த ஸம்ஹாவின் கணவர் ஸாஜித் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். வீட்டின் முன்னறைதான் அவருடைய கைபேசி திருத்தும் கடை. அதன் மூலையில் ஒரு மேசையும் ஒரு கணினியும்தான் ஸம்ஹாவின் தொழில்.

அந்தத் தொழிலுக்கு என்ன பெயர் என்பது ஸம்ஹாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. பதிவு செய்யப் போன இடத்தில் அலுவலர் பொறுமையாகத்தான் கேட்டார். “வேலைவாய்ப்பு முகவரா?” இல்லை. “சட்ட ஆலோசனையா?” ஐயோ, இல்லவே இல்லை. “அப்ப தரகா?” அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸம்ஹாவின் முகம் மாறியது. காணித் தரகரும் கல்யாணத் தரகரும் கண்முன் வந்து போனார்கள். கடைசியில் அலுவலர் ‘வேறு சேவைகள்’ என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தரகு என்று சொன்னால் அதில் என்ன பிழை என்று ஸம்ஹா தன்னைத் தானே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஸம்ஹா சட்டம் படித்தவர் அல்லர். பத்தொன்பது வயதில் புத்தளத்தில் ஹயாத்து முகம்மது என்ற மூத்த சட்டத்தரணியின் கந்தோருக்குத் தட்டெழுதப் போனார். சேர் சொல்லச் சொல்ல அடித்தார். பிறகு சேர் பாதி சொல்லும்போதே மீதியை அடித்தார். சத்தியக்கடதாசி எப்படித் தொடங்கி எப்படி முடியவேண்டும், மோசன் என்கிற மனு எந்த மேசையில் கொடுபட வேண்டும், காணிப் பதிவகத்தில் ஒரு காணியின் பக்கத்தைத் தேடி, யார் யாரிடம் வாங்கினார், யார் யாருக்கு எழுதினார் என்று பின்னோக்கிப் போவது எப்படி என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே படித்தார். எழுத்தில் லிகிதர், ஊர்ப்பேச்சில் கிளாக்கர். ஊரில் சட்டத்தரணியைத் தேடிப் போகிற ஆள் முதலில் பார்ப்பது கிளாக்கரின் முகத்தைத்தான்.

பிறகு சேருக்குக் கண் மங்கியது. கந்தோரை மூடிவிட்டு மகளுடன் இருக்கத் தெஹிவளைக்குப் போனார். கோவைகளை மூன்று சட்டத்தரணிமாருக்குப் பிரித்துக் கொடுத்தார். லிகிதரை அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது.

அந்த மூவரில் ஒருவர் றிஸ்மின். நல்ல மனிதர், நல்ல வருமானம். “என்ட கந்தோர்ல ஒரு கதிரை இரிக்கி தங்கச்சி. எப்ப வாறீங்க?” என்று கேட்டார். ஸம்ஹா உடனே ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம், சிலாபத்திலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

சிலாபத்தில் டயனா என்ற இளம் சட்டத்தரணி இருந்தார். புத்தளத்திலும் அவருக்குச் சில வழக்குகள் இருந்தன. ஒரு நாள் வேலைக்காக ஒரு லிகிதரை மாதம் முழுக்க வைத்திருக்க அவருக்கு வசதியில்லை. “ஒரேயொரு அத்தாட்சிப் பிரதி எடுக்கோணும். ஆராவது இருக்காங்களா?” என்று கேட்டார். அதே நாட்களில் அஸ்மின் என்ற நல்ல லிகிதர், தன் சட்டத்தரணி ஊரைவிட்டுப் போனதால் முச்சக்கரவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்பிட்டியில் இன்னாசிப்பிள்ளை என்ற வயதான லிகிதர், தன் சட்டத்தரணி இறந்ததால் வீட்டில் இருந்தார். வேலை ஒரு பக்கம் கிடக்கிறது, ஆள் இன்னொரு பக்கம் இருக்கிறார் என்று ஸம்ஹாவுக்குப் பட்டது. டயனாவுக்கு அஸ்மினின் இலக்கத்தைக் கொடுத்தார். மூன்றாவது முறை டயனா ஸம்ஹாவைக் கேட்காமலே அஸ்மினை அழைத்துவிட்டார்.

அதில்தான் ஸம்ஹாவுக்கு அந்த யோசனை வந்தது. இணையத்தில் ஒரு பக்கம் திறப்போம். லிகிதர்களின் பெயரைப் போடாமல் இலக்கத்தை மட்டும் போடுவோம். சட்டத்தரணி வேலையைச் சொல்லட்டும், இலக்கத்தைத் தெரிவு செய்யட்டும், தேடியது, எழுதியது, கூலி எல்லாம் நம் வழியாகவே போகட்டும். பெயர் தெரிந்தால்தானே நம்மைத் தாண்டிப் போவார்கள்?

“நாலாம் இலக்கம் எண்டு போட்டா சிறையில இரிக்கிற மறியல்காரன் மாதிரி இரிக்கி,” என்றார் பக்கத்தைச் செய்துகொடுத்த ஸாஜித்.

“பேரப் போட்டா அடுத்த மாசம் எனக்குத் தொழில் இல்ல.”

“சரி, மறியல்காரனே இரிக்கட்டும்.”

றிஸ்மினிடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடியும்வரை தவணை கேட்டார் ஸம்ஹா. “கதிரைய வச்சிக்கிறேன். ஆனா சும்மா கிடக்குற கதிரைல ஆராவது உக்காந்துருவாங்க, தெரியும்தானே?” என்றார் அவர். பக்கம் ஓடினால் ஸம்ஹாவுக்குச் சொந்தத் தொழில். ஓடாவிட்டால் போய் அந்தக் கதிரையைக் கேட்கவேண்டும். இரண்டில் எது நடக்கும் என்பது டயனா மாதிரியானவர்கள் தொடர்ந்து வேலை தருவதில்தான் தங்கியிருந்தது. சிலாபத்து இளம் சட்டத்தரணிமார் பலர் டயனா சொன்னதால்தான் சேர்ந்தார்கள்.

தெஹிவளைக்கு அழைத்து, இது சட்டத்துக்குச் சரியா என்று ஹயாத்து முகம்மது சேரிடமும் கேட்டார்.

“சட்டத்தரணிட வேலய லிகிதர் செய்யக் கூடாது. லிகிதர்ட வேலய லிகிதர் செய்யலாம். அத எந்தக் கந்தோர்ல இருந்து செஞ்சா என்ன?” என்றார் சேர். கொஞ்சம் நிறுத்தி, “எந்தக் கந்தோரும் இல்லாம செஞ்சா என்னெண்டுதான் எனக்கு விளங்கல்ல,” என்றார்.

பக்கம் ஓடியது. வேகமாக அல்ல, தவழ்ந்து தவழ்ந்து ஓடியது. றிஸ்மின்கூட, தன் லிகிதர்கள் போக விரும்பாத தூரத்து வேலைகளுக்கு அதில் ஆள் கேட்டார். ஒரு விடயம் மட்டும் ஸம்ஹாவுக்குப் புதினமாக இருந்தது. கல்பிட்டிப் பக்கக் காணி என்றால் எல்லோரும் நாலாம் இலக்கத்தையே கேட்டார்கள். இன்னாசிப்பிள்ளைக்குத்தான் அந்த இலக்கம். நல்லா வேலை செய்கிறார் போல என்று ஸம்ஹா சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம், நீதிமன்றம் கலைந்த நேரத்தில், டயனாவின் அழைப்பு வந்தது.

“ஸம்ஹா, உங்கட நாலாம் இலக்கம் ஆரு?”

“மிஸ், பேர் சொல்றதில்ல எண்டு…”

“நீங்க சொல்லத் தேவையில்ல. அவரே சொல்லிட்டார். நீதிமன்ற விறாந்தையில, எனக்கு முன்னுக்கு, றிஸ்மினுக்கு முன்னுக்கு.”

நடந்தது இதுதான். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு காணிக்குப் பங்கு வழக்கு. அண்ணன் நெய்னாருக்காக றிஸ்மின், சித்தி லெய்லா என்ற தங்கைக்காக டயனா. அன்று தவணை. வெள்ளைச் சட்டையில் ஒரு முதியவர் விறாந்தையில் வந்து நின்று, தோளில் தொங்கிய பையைத் திறந்து, ஒரு கோவையை எடுத்து “சேர், இது உங்கட,” என்று றிஸ்மினிடம் கொடுத்தார். அதே பைக்குள் கையை விட்டு இன்னொரு கோவையை எடுத்து, “மிஸ், இது உங்கட,” என்று டயனாவிடம் கொடுத்தார். ஒன்லைனில் அனுப்பியது தெளிவில்லாமல் இருந்திருக்கும், அதனால் நேரில் கொண்டுவந்தேன் என்றார். இரண்டு பேரும் திகைத்து நிற்க, “நாலாம் இலக்கம் நான்தான்,” என்று கை கூப்பினார்.

“எனக்கு எங்க பார்க்கிற எண்டு தெரியல்ல,” என்றார் டயனா. “எதிர்ப்பக்கத்து லிகிதரும் என்ட லிகிதரும் ஒரே ஆள். ஒரே பை. அனே, ஸம்ஹா! அந்த ஆள உங்கட லிஸ்ட்டுல இருந்து எடுங்க. இல்லாட்டி நான் போறன். நான் போனா சிலாபத்துல மத்த ஆக்களுக்கும் காரணம் சொல்லத்தான் வேணும்.”

றிஸ்மின் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் ஸம்ஹாவுக்கு அதிகம் பயமாக இருந்தது. “கதிரை இன்னும் இரிக்கி தங்கச்சி. வேற ஒருத்தரும் கேட்டுக்கொண்டு இரிக்கிறார். கெதியாச் சொல்லுங்க,” என்றார்.

அன்று பின்னேரம் ஸம்ஹா தன் பக்கத்தைத் திறந்து, ஒரு சட்டத்தரணி நிரப்பவேண்டியதைத் தானே நிரப்பிப் பார்த்தார். என்ன வேலை, எந்த ஊர்க் காணி, எப்போது வேண்டும், எந்த இலக்கத்து லிகிதர். அவ்வளவுதான். நிரப்பி முடிந்ததும் மேலிருந்து இன்னொரு தடவை வாசித்தார்.

ஹயாத்து முகம்மது சேரின் கந்தோர் வாசலில் யார் வந்து நின்றாலும், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன் ஸம்ஹா கேட்டது ஒரே கேள்விதான்: மத்தப் பக்கம் யாரு? அந்த மத்தப் பக்கம் ஏற்கெனவே சேரிடம் வந்திருந்தால், “சேர் இந்தக் கிழம முழுக்க பிசி,” என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, வேறு கந்தோருக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார். பதினொரு வருடம், ஒவ்வொரு நாளும் கேட்ட கேள்வி. பக்கத்தில் அது இல்லை.

“நீ சொல்லல்லியே,” என்றார் ஸாஜித்.

“அது ஒரு வேல எண்டே எனக்குத் தெரியாது. வாய் தன்பாட்டுல கேக்கும்.” பக்கத்தை மூடிவிட்டு, “ஆனா இன்னாசி ஐயாக்குத் தெரியுமே. அவரும் அதத்தானே வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பார். ஏன் இப்பிடிச் செஞ்சார்?” என்றார்.

“அவர்ட்டத்தான் கேக்கணும்.”

ஸம்ஹா அடுத்த நாள் காலை கல்பிட்டி பஸ்ஸில் ஏறினார். பாலாவிச் சந்தியில் பஸ் திரும்பும்போதே சொல்லவேண்டிய வசனத்தை அடுக்கத் தொடங்கினார். ஐயா, உங்களை லிஸ்ட்டில் இருந்து எடுக்க வேண்டி வந்திருக்கிறது. உப்பளங்கள் பின்னால் போயின. காற்றாலைகள் வந்தன. வசனம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி முடிந்தது. அவர் பிழை செய்தாரா? இரண்டு பக்கமும் நின்றது பிழை. ஆனால் இரண்டு பக்கமும் அவரைக் கேட்டது யார்? பெயரை மறைத்தது யார்? மறைக்காவிட்டால் றிஸ்மினும் டயனாவும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டும்போது வசனத்தைக் கைவிட்டார்.

இன்னாசிப்பிள்ளையின் வீட்டு முற்றத்தில் ஆள் இருந்தது. வேப்பமரத்தின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு பெண். கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதிலிருந்து இறங்காமல் ஒரு ஆண். நடுவில் இன்னாசிப்பிள்ளை, சாரமும் வெள்ளைச் சட்டையுமாக நின்றார். ஸம்ஹாவைக் கண்டதும், “வாங்க பிள்ளை, நல்ல நேரம் வந்தீங்க. இது சித்தி லெய்லா. அது நெய்னார். ரெண்டு பேரும் கதைக்கிறதில்ல,” என்று அறிமுகம் செய்தார்.

“இன்னாசி அண்ணன்,” என்றார் சித்தி லெய்லா, “கிணத்தடிப் பக்கம் எனக்குத்தான் எண்டு சொல்லுங்க.”

இன்னாசிப்பிள்ளை கேற்றின் பக்கம் திரும்பினார். “கிணத்தடிப் பக்கம் தங்கச்சிக்குத்தானாம்.”

நெய்னாருக்கு அது முதல்முறையே நன்றாகக் கேட்டிருந்தது. “கிணத்தத் தூக்கித் தலைல வச்சிக்கொண்டு போகச் சொல்லுங்க.”

“தலைல வச்சிக்கொண்டு போகட்டாம்.”

“அவர்ட மோட்டர் அங்கதானே பூட்டியிரிக்கி. மொதல்ல அதத் தூக்கட்டும்.”

“மோட்டரத் தூக்கட்டாம்.”

வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த இன்னாசிப்பிள்ளையின் மனைவி பாக்கியம்மா, “மாதாவே, காலமையில இருந்து இதுதான்,” என்று தலையிலடித்துக்கொண்டார். ஆனாலும் கையைக் கழுவிவிட்டு, ஸம்ஹாவுக்குக் கதிரை போட்டார்.

ஸம்ஹா உட்காரவில்லை. “ஐயா, மத்தப் பக்கம் யாரெண்டு உங்களுக்குத் தெரியும். ஏன் ரெண்டு வேலயும் எடுத்தீங்க?”

“தெரியாம என்ன? இவங்கட வாப்பாவுக்கும் நான்தான் கிளாக்கர். ரெண்டு பேரும் என்னட்டத்தான் வந்தாங்க. நான்தான் சொன்னன், தங்கச்சி சிலாபத்து மிஸ்ஸிட்டப் போ, தம்பி றிஸ்மின் சேரிட்டப் போ எண்டு. வேற வேற லோயர். சரிதானே?”

“அது சரி. ஆனா உங்கள…”

“நாலாம் நம்பரையே எடுங்க எண்டு மிஸ்ஸிட்ட நான்தான் சொன்னேன்,” என்றார் சித்தி லெய்லா.

“சேரிட்ட நானும்தான் சொன்ன,” என்றார் நெய்னார் கேற்றிலிருந்து.

ஸம்ஹா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலாம் நம்பர் இவர்தான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இதைக் கேட்டுப் பாக்கியம்மாதான் சிரித்தார். “கல்பிட்டியில ஆருக்குப் பிள்ளை தெரியாது? சந்தையில மீன்காரனும் நாலாம் நம்பர் எண்டுதான் கூப்பிடுறான். கோயிலடியில பேர்ப்பலகை போடாத குறைதான்.”

இன்னாசிப்பிள்ளை கொஞ்சம் வெட்கப்பட்டார், ஆனால் பெருமையை மறைக்க முடியவில்லை. ஸம்ஹா பாடுபட்டு மறைத்த பெயரைக் கல்பிட்டி முழுவதும் தெரிந்து வைத்திருந்தது. தெரியாதவர்கள் இரண்டே இரண்டு சட்டத்தரணிமார்தான். நல்லா வேலை செய்கிறார் போல என்று தான் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்து, ஸம்ஹாவின் காது சூடாகியது.

“பதிவுப் புத்தகம் ஒண்டுதானே பிள்ளை,” என்றார் இன்னாசிப்பிள்ளை. “ரெண்டு பேருக்கு ரெண்டு தரம் தேடினா வேற வேற காணியோ வரும்? ஒருக்காத் தேடினன். ரெண்டு பேருக்கும் எழுதினன்.”

“அப்ப றிஸ்மின் சேர் தேடச் சொன்னது என்னெண்டு டயனா மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிருமே.”

“நான் ஒரு சொல்லு சொல்லல்ல. நான் செஞ்சது நியாயம் மட்டும். சேர் நன்கொடை உறுதிப் பத்திரம் ஏதும் பதிஞ்சிருக்கா எண்டு பார்க்கச் சொன்னார். பார்த்தன், இருந்திச்சு. கலியாணத்துக்கு வாப்பா கிணத்தடிப் பக்கத்தத் தங்கச்சிக்கு எழுதினது. கிடைச்சத மறைக்கலாமா? மிஸ்ஸிட கோவையிலயும் வச்சன்.”

கேற்றில் மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்ட் விழுந்த சத்தம் கேட்டது. நெய்னார் முதல்முறையாக முற்றத்துக்குள் வந்தார்.

“என்ன சொன்னீங்க? அது அவங்கட கோவைக்கும் போச்சா?”

“பதிவுப் புத்தகத்தில இருக்கிறதுதானே தம்பி. ஆரும் போய்ப் பார்க்கலாம். அது ரகசியமோ?”

“ஆரும் பார்க்கலாம். ஆனா அவங்க பார்க்கல்லியே! நான் தேடச் சொன்னது நான் தெரிஞ்சிக்கொள்ள. அவளுக்கு எடுத்துக் குடுக்க இல்ல.” அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். இன்னாசிப்பிள்ளை வாயைத் திறக்க முன், நேராகவே கேட்டார். “உனக்கு இது தெரியுமா?”

“நேத்துத் தெரியும்,” என்றார் சித்தி லெய்லா, அவரும் நேராகவே. “உனக்கு எப்ப தெரியும்? நீ அத வச்சிக்கொண்டு சும்மாதானே இருந்திருப்பாய்?”

“நான் என்ன செஞ்சிருப்பேன் எண்டு நீ எப்பிடிச் சொல்ற?”

“கிணத்தத் தூக்கிக்கொண்டு போ எண்டு இப்பதானே சொன்னாய்!”

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இன்னாசிப்பிள்ளை ஒரு பக்கமும் மறு பக்கமும் பார்த்தார். கொண்டு கொடுக்க அவரிடம் இனி ஒன்றும் இல்லை. “நான் நல்லதுக்குத்தானே,” என்றார் யாரிடமும் அல்லாமல். அவருடைய முகத்தில் இருந்த குழப்பத்தைப் பார்த்தபோது, அது தன் முகத்தில் காலையிலிருந்து இருப்பதுதான் என்று ஸம்ஹாவுக்குத் தோன்றியது.

உறுதி உண்மை. அது தங்கைக்குச் சேரவேண்டியது. அதை எடுத்துக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அப்படியிருந்தும் நெய்னாரின் கோபம் நியாயமாகவே பட்டது. ஒரு ஆள் தன் லிகிதரிடம் கேட்பது தன் லிகிதரோடு இருக்கவேண்டும். இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பொருத்துவது என்று ஸம்ஹாவுக்குத் தெரியவில்லை. ஆனால் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் அந்தக் கூச்சலுக்கு நடுவே எப்படியோ தெரிந்தது.

“ஐயா, இந்த வழக்குல நீங்க ரெண்டு பக்கமும் நிக்க ஏலாது. ஒரு பக்கமும் நிக்க ஏலாது. ரெண்டு பேருக்கும் வேற ஆக்கள் போவாங்க. ஆனா உங்கள லிஸ்ட்டுல இருந்து எடுக்க மாட்டேன். பிழை என்ட பக்கத்துலதான். இனி இலக்கம் இல்ல. எல்லாருக்கும் பேரும் ஊரும் போடப்போறேன்.”

“அப்ப நாலாம் இலக்கம்?” என்று கேட்டார் இன்னாசிப்பிள்ளை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது போலிருந்தது.

“போகட்டும்,” என்றார் பாக்கியம்மா மீனை மீண்டும் கையில் எடுத்தபடி. “ஞானஸ்நானத்தில வச்ச பேர் ஒண்டு இருக்குத்தானே.”

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே ஸம்ஹா சிலாபத்துக்கு அழைத்துச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, நன்கொடை உறுதியின் கதையையும் சொன்னார்.

“அந்த உறுதி என்ட கட்சிக்காரிக்கு நல்லது,” என்றார் டயனா மெதுவாக. “ஆனா அது எனக்கு வந்த வழி நல்லதில்ல. நான் வேற ஆள வச்சுத் திரும்பத் தேடுவன். அந்த மனுசன இன்னும் வச்சிருக்கப் போறீங்களா?”

“ஓம் மிஸ். பேரோட. வேணாமெண்டா நீங்க அவர எடுக்காதீங்க.”

“பேரப் போட்டா நான் நேர அவங்களையே கூப்பிடுவன். பிறகு உங்களுக்கு என்ன மிச்சம்?”

“தெரியாது மிஸ்.”

“தெரியாமலா செய்யப்போறீங்க?”

“தெரிஞ்சு செஞ்சதுதானே மிஸ் இப்பிடி வந்து நிக்கிது.”

டயனா சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா என்று ஸம்ஹாவுக்குப் பிடிபடவில்லை. “றிஸ்மினுக்கும் இதையே சொன்னீங்களா?”

“இல்ல, இனித்தான்.”

“எனக்கு முதல்ல சொன்னது எண்டு அவருக்குத் தெரியட்டும்,” என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். போகிறாரா இருக்கிறாரா என்று சொல்லவில்லை.

அடுத்து அழைத்தபோது றிஸ்மினும் கதையை முழுதாகக் கேட்டார். “நல்ல வேல செஞ்சீங்க. ஆனா கதிரை முடிஞ்சிது தங்கச்சி. இண்டைக்குக் காலைல ஆள் வந்து உக்காந்திட்டார். உங்கட ரெண்டாம் இலக்கம்.”

ரெண்டாம் இலக்கம் அஸ்மின். பஸ் வந்தது. ஸம்ஹா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இருக்கை இருந்ததைக் கவனிக்கவில்லை. அஸ்மினுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. அதற்காகத்தானே எல்லாம் தொடங்கியது. தனக்குத் திரும்பிப் போக இருந்த ஒரே இடமும் அதுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னார். யாருக்காகச் சொன்னார் என்று பிறகு யோசித்தார்.

பாலாவிக்கு வரும்போது அஸ்மினே அழைத்தார்.

“ராத்தா, கோவமா?”

“இல்ல. முபாரக். நல்லா இரிங்க.”

“ஒரு விசயம் ராத்தா. என்ட பேர எடுத்திராதீங்க. சேர் கொழும்புக்குப் போற நாளைக்கு நான் சும்மாதான் இருப்பேன்.”

“அஸ்மின், நீங்க இப்ப றிஸ்மின் சேர்ட ஆள். டயனா மிஸ்ஸிட வேலய எப்பிடிச் செய்வீங்க?”

“ஆ,” என்றார் அஸ்மின். அவரும் அதை யோசித்திருக்கவில்லை.

ஸாஜித் அன்றே பக்கத்தை மாற்றினார். இலக்கங்கள் போய்ப் பெயர்கள் வந்தன. அஸ்மினின் பெயர் இல்லை. இன்னாசிப்பிள்ளையின் பெயர் இருந்தது, கல்பிட்டி என்ற ஊருடன். பிறகு பயந்ததுதான் நடந்தது. கைபேசி அடிக்கவில்லை. சட்டத்தரணிமார் பெயரைப் பார்த்தார்கள், ஊரைப் பார்த்தார்கள், நேராக அழைத்தார்கள். வேலை கிடைத்ததாக லிகிதர்கள்தான் ஸம்ஹாவுக்கு நன்றி சொன்னார்கள். நன்றியை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல், ஸம்ஹா மேசையைத் துடைத்தார், கணினியைத் துடைத்தார், ஸாஜித்தின் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து வைத்தார். குறிஞ்சிப்பிட்டிக் காணிக்கு றிஸ்மின் தன் கந்தோர் ஆளையே அனுப்பியதாகக் கேள்விப்பட்டார். அண்ணனும் தங்கையும் இப்போது நேராகவே சண்டை பிடிக்கிறார்களாம்.

ஒரு காலை டயனா அழைத்தார்.

“எலுவன்குளத்தில ஒரு வயல் வழக்கு. உங்கட லிஸ்ட்டுல நிலுக்சன் எண்டு ஒரு ஆள் இருக்கார். நேர பேசினன். எதிர்ப்பக்கத்துக்கு நீங்க ஏதாவது உறவா, முந்தி அவங்களுக்கு வேல செஞ்சீங்களா எண்டு கேட்டன். இல்ல எண்டார். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவாங்க? நான் சிலாபத்தில இருந்துகொண்டு எப்பிடி அறியிற? நீங்க ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்க. அதுக்குரியத நான் தாறன்.”

“எதுக்குரியது மிஸ்?”

“அதுதான், விசாரிக்கிறதுக்கு.”

கைபேசியை வைத்துவிட்டு ஸம்ஹா ஒரு கடதாசியில் நிலுக்சனின் பெயரை எழுதினார்.

“என்னவாம்?” என்றார் ஸாஜித்.

“ஒரு வேல தந்திரிக்காங்க. மத்தப் பக்கம் யாரெண்டு கேக்குற வேல. அதுக்கு என்ன பேரெண்டு தெரியல்ல.”

“போறாங்களா இரிக்காங்களா?”

“இரிக்காங்க போல. எலுவன்குளத்துல நமக்கு யாரத் தெரியும்?”

ஸாஜித் யோசித்து, முன்பு ஒரு கைபேசி திருத்தக் கொடுத்த விவசாயி ஒருவரின் இலக்கத்தைத் தேடி எடுத்தார். ஸம்ஹா அழைத்தார். அந்தப் பக்கம் உழவு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலாக ஒரு குரல், “ஆரு கதைக்கிற?” என்று கத்தியது.

தான் யார், எங்கிருந்து, என்ன தொழில் செய்கிறார் என்பதை ஸம்ஹா சொல்லத் தொடங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. உழவு இயந்திரம் நின்றது. அந்த மனிதர் பொறுமையாகத்தான் கேட்டார்.